வேலியோரம் தானாக முளைத்த முள் சுண்டை: வைத்துக்கொள்வதா, வெட்டுவதா?

செம்மண்காடு (கேள்வி)

வணக்கம். மலையடிவாரத்தில் நாற்பது சென்ட் செம்மண் நிலம். மேற்கு வேலியை ஒட்டிச் சுண்டைச் செடிகள் தாமாகவே முளைத்து ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. தண்டெல்லாம் முள், வெள்ளைப் பூ, கொத்துக்கொத்தாகப் பச்சைக் காய். நட்டது யாருமில்லை. வருடாவருடம் கூட்டம் பெருகி, வேலியை விட்டு நிலத்துக்குள் மூன்று மீட்டர் வந்துவிட்டது.

தெரிய வேண்டியது இவைதான். முதலில், இது கறிக்கு ஆகிற சுண்டைதானா, வேறு முள் கத்தரி வகையா? இரண்டாவது, ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மீதியை அழிக்க வேண்டும். வெட்டினால் வெட்டின இடத்தில் நாலு கிளை தழைக்கிறது. மூன்றாவது, பழத்தில் எடுத்த விதையைக் குழித்தட்டில் போட்டால் முளைக்க மாட்டேன் என்கிறது, வேலியோரம் மட்டும் கேட்பாரில்லாமல் முளைக்கிறது. இது ஏன்? கத்தரியில் வாடல் நோய் இருப்பதால், சுண்டையின் வேர்ப்பகுதியை அடிச்செடியாக வைத்து அதன் மேல் கத்தரித் தலையை ஒட்டுக்கட்டவும் யோசனை இருக்கிறது. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

இலைநரம்பு

படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, செடிக்குப் பக்கத்தில் நின்று நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் முள். சுண்டையின் முள் குட்டையாக, அடி அகன்று தட்டையாக, நுனி லேசாக வளைந்திருக்கும். இளஞ்செடியில் நிறைய இருக்கும், முற்றிய கிளையில் குறையும். இலையின் நடுநரம்பில் ஒன்றிரண்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஊசி மாதிரி நேராக, நீளமாக, இலையின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் அது சுண்டை இல்லை.

அடுத்து இலை. அகன்ற இலை, ஓரம் அலை அலையாக மடல் பிரிந்திருக்கும். அடிப்பக்கத்தை விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியில் பாருங்கள்: ஒவ்வொரு ரோமமும் நட்சத்திரமாகப் பிரிந்திருக்கும். பூ வெள்ளை, ஐந்து மடல், நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள் நிமிர்ந்து நிற்கும். பூக்கொத்து இலைக்கக்கத்தில் வராது, இரண்டு இலைக்கு நடுவே தண்டிலிருந்தே கிளம்பும். காய் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர், வழவழப்பாக இருக்கும். காம்பு தடித்துக் காயை மேல்நோக்கி ஏந்தியிருக்கும். பழுத்தால் பச்சை வெளிறி மஞ்சளாகும்.

குழப்பம் வரக்கூடிய மற்றவை: கண்டங்கத்தரி தரையோடு படரும், ஊதாப் பூ, இலையெல்லாம் ஊசி முள். கறிமுள்ளி புதராக நிற்கும், ஆனால் பூ ஊதா, பழம் ஆரஞ்சுச் சிவப்பு. தூதுவளை கொடி, அதற்கும் ஊதாப் பூதான். கோவைப் பக்கம் செம்மண்ணில் சாம்பல் வெள்ளி நிற இலையோடு முட்டுயரம் வளரும் ஒரு கத்தரிக் களை இருக்கிறது, சொலானம் எலியாக்னிஃபோலியம். அதுவும் அயல் வரவு, அதுவும் ஊதா. ஆக, பூ ஊதா என்றால் அத்தோடு சுண்டை இல்லை என்று நிறுத்திவிடலாம்.

வெள்ளைப் பூவிலும் ஒன்று உண்டு. அதில்தான் கவனம் வேண்டும். அதன் தாவரவியல் பெயர் சொலானம் வயாரம். மலைப்பகுதிகளில் வளரும். இடுப்பு உயரச் செடி, இலை தொட்டால் வெல்வெட் மாதிரி, நேரான வெளிறிய முள். காய் சுண்டையைவிடப் பெரிது, இரண்டு மூன்று சென்டிமீட்டர். பச்சையில் வெள்ளை வரி ஓடி, குட்டித் தர்ப்பூசணி போலத் தெரியும். அது நச்சுக்காய், சமையலுக்கு ஆகாது. மலையடிவாரம் என்கிறீர்கள், ஆகவே காயின் தோலில் வரி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். சந்தேகம் தீராமல் ஒரு காயைக்கூட வாயில் வைக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஆள் உயரத்தைத் தாண்டியது, கொத்துக் காய், வெள்ளைப் பூ, எல்லாம் சொலானம் டோர்வம் என்கிற முள் சுண்டைக்கே பொருந்துகிறது.

களைக்கொத்தி

மேலே சொன்னது சரி. பரவுவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

சாம்பாரிலும் வற்றல் குழம்பிலும் ஊறிப்போனதால் சுண்டையை நம்மூர்ச் செடி என்றே நினைக்கிறோம். பிறப்பிடம் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி வரையும் கரீபியன் தீவுகளும். வெப்பமண்டலம் முழுக்கப் பரவி, போன இடத்திலெல்லாம் ஆக்கிரமிப்புக் களை என்று பெயர் வாங்கியிருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் தடைசெய்யப்பட்ட களைப் பட்டியலில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்சின் வடபகுதியிலும் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்திருக்கிறது. ஃபிஜி போன்ற பசிபிக் தீவுகளிலும் இதே கதைதான்.

எப்படிப் பரவுகிறது என்பது தெரியாமல் வெட்டினால் உழைப்பு வீண். வழி இரண்டு.

ஒன்று, பழம். ஒரு பழத்தில் இருநூறு விதைக்குக் குறையாது. பறவைகளும் வௌவால்களும் தின்று எச்சமிடும். அதனால்தான் முதல் நாற்று எப்போதும் வேலிக் கம்பிக்குக் கீழேயும் மரத்தடியிலும் மின்கம்பி போகிற தடத்திலும் தென்படும். உங்கள் மேற்கு வேலிக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

இரண்டு, வேர். பக்கவாட்டில் ஓடும் வேரிலிருந்து புதுக் கன்று கிளம்பும். வேலியிலிருந்து வரிசையாக உள்ளே நகர்கிறது என்றால் பாதிக்கு மேல் வேர்க்கன்றுகளாகவே இருக்கும். சோதிக்க எளிய வழி: ஒரு இளஞ்செடியைச் சுற்றி மண்ணை விலக்குங்கள். ஆணிவேர் நேராகக் கீழே இறங்கினால் அது விதைச்செடி. செடி கிடைமட்ட வேர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தால் அது வேர்க்கன்று. அந்த வேரைப் பிடித்துக்கொண்டே போனால் தாய்ச்செடி வரும்.

முள் இருப்பதால் மாடு அண்டாது. சுற்றியிருக்கும் புல்லை மட்டும் மேய்ந்துவிட்டுப் போகும். போட்டிக்கு ஆளில்லாமல் வெயிலும் இடமும் சுண்டைக்கே கிடைக்கும். அடர்ந்த நிழலில் இது தடுமாறும். திறந்த, கிளறிய மண்தான் இதற்குப் பிடித்த இடம்: சாலையோரம், தரிசு, காட்டின் விளிம்பு, மரம் வெட்டிய திட்டு.

அழிக்கும் முறை:

முழ உயரத்துக்குக் கீழே இருக்கும் விதைநாற்றுகளை மழை பெய்த மறுநாள் தரையோடு பிடித்து இழுங்கள், ஆணிவேரோடு வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தோடு அறுந்து, மிச்ச வேர் தழைக்கும்.

பெரிய செடியில் முதல் வேலை காய்க்கொத்து முழுவதையும் அறுத்துச் சாக்கில் போடுவது. பிறகு முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள். தரைமட்டமாக வெட்டிவிடாதீர்கள், அந்தக் கட்டைதான் நெம்புவதற்குப் பிடி. கட்டையைச் சுற்றி ஒன்றரை அடி தூரத்துக்கு மண்ணைக் கொத்தி, பென்சில் தடிமனில் ஓடும் பக்கவேர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பிறகு கடப்பாரையால் கட்டையைக் கிளப்புங்கள். ஒரு செடிக்கு நேரம் பிடிக்கும்தான், ஆனால் திரும்ப வராது.

தோண்ட முடியாத இடம் என்றால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தழைவை விடாமல் வெட்ட வேண்டும். இலை விரிந்து வேருக்கு உணவு அனுப்பும் முன்பே வெட்டினால்தான் வேர் இளைக்கும். இரண்டு மாதம் விட்டுவிட்டு ஒருநாள் வெட்டுவது கவாத்துக்குச் சமம், செடிக்கு லாபம். நாலு கிளை தழைக்கிறது என்று நீங்கள் சொன்னது இதனால்தான்.

செய்யவே கூடாதது, கூட்டத்துக்குள் ரோட்டவேட்டர் ஓட்டுவது. வேர் துண்டு துண்டாகி நிலம் முழுக்கப் பரவும். வெட்டிய கிளையையும் பாதையில் போடாதீர்கள். காய்ந்தாலும் முள் உதிராது, ரப்பர் செருப்பைத் துளைக்கும். தோல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். மண்ணில் கிடக்கும் பழைய விதை அடுத்த சில வருடங்களுக்கு ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும், அதையும் பார்த்துப் பிடுங்க வேண்டியிருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், நிலத்தின் எல்லையில் காடோ ஓடையோ இருந்தால் ஒரு செடிகூட வேண்டாம். முழுக்க எடுத்துவிடுங்கள்.

நாற்றங்கால்

களைக்கொத்தி சொன்ன அழிப்பு முறையில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் வேறுபடுகிறேன். சுண்டையை நாம் சாப்பிடுவது பச்சைக் காயாக. பறவை எடுத்துப் போவது பழுத்ததை. வாரம் தவறாமல் பறிக்கப்படும் செடியில் பழமே நிற்காது. பரவுவது பறிக்காமல் விட்ட செடி. ஆகவே, வாரந்தோறும் பறிக்க ஆளிருந்தால் கிணற்றடியில், கண்ணில் படும் இடத்தில், இரண்டே இரண்டு வைத்துக்கொள்ளலாம். ஆளில்லை என்றால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

இப்போது விதை. புதிதாக எடுத்த சுண்டை விதைக்கு உறக்கநிலை உண்டு. கத்தரி விதை ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும். சுண்டை மூன்று முதல் ஐந்து வாரம் எடுக்கும், அதுவும் ஒரே சீராக வராது. நிறையப் பேர் இரண்டு வாரம் பார்த்துவிட்டுத் தட்டைக் கொட்டிவிடுகிறார்கள். வேலியோரம் முளைப்பது அதில் ஒரு பங்குதான், விழுகிற விதையின் எண்ணிக்கை பெரிது என்பதால் நமக்கு அது தெரிவதில்லை.

நன்றாக மஞ்சளாகிக் கையால் அழுத்தினால் நசுங்கும் பழத்தை எடுங்கள். பிசைந்து தண்ணீரில் ஒருநாள் புளிக்க விட்டு, அலசி, மிதக்கிற சக்கையையும் பதரையும் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்துங்கள். உடனே விதைக்காமல் சில வாரம் காகித உறையில் வைத்திருந்தால் உறக்கம் கொஞ்சம் தளரும்.

விரைவாகவும் சீராகவும் வேண்டும் என்றால் ஜிப்ரலிக் அமிலம், விதையின் உறக்கத்தைக் கலைக்கும் வளர்ச்சி ஊக்கி. லிட்டருக்கு 100 முதல் 200 மில்லிகிராம். தூள் நேரடியாகத் தண்ணீரில் கரையாது, முதலில் சில மில்லி ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டுத் தண்ணீரில் ஊற்றுங்கள். விதையைத் துணியில் கட்டி 24 மணி நேரம் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் அலசி விதைக்க வேண்டும். அளவைக் கூட்டினால் நாற்று வெளுத்து நெடுநெடுவென்று நீண்டு சாயும்.

ஆழம் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் போதும். நார்க்கழிவை மேலே தூவி லேசாக அழுத்துங்கள். பகலில் சூடும் இரவில் குளிர்ச்சியும் மாறி மாறிக் கிடைத்தால் முளைப்பு கூடும். பகலில் 30 டிகிரி, இரவில் 20 டிகிரி என்ற அளவு நல்லது. ஆகவே தட்டை அறைக்குள் வைக்காமல் நிழல்வலைக்குக் கீழே திறந்த வெளியில் வையுங்கள். மார்கழிக் குளிரில் போட்டால் இழுத்தடிக்கும். மாசி, பங்குனி, அல்லது ஆடி சரியாக வரும். மேல்மண் ஒருநாள் காய்ந்தாலும் முளைவிட்ட விதை செத்துவிடும், அதனால் முளைக்கும் வரை தட்டை ஈரச் சாக்கால் மூடி, முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

விதையே வேண்டாம் என்றால், பிடித்த செடியில் பென்சில் தடிமனில் பாதி முற்றிய கிளையை 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு வெட்டி, கீழே இலை நீக்கி, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வைத்தால் வேர்விடும். கசப்பு குறைந்த, காய் பருத்த செடி கிடைத்தால் குச்சி நடவுதான் சரி, தாயின் குணம் மாறாது. காட்டில் தானாக வளரும் மலைச்சுண்டை சிறியது, கசப்பு கூடியது, வற்றலுக்கு உகந்தது. தோட்டத்தில் வைக்கும் நாட்டுச் சுண்டை, பால் சுண்டை என்பார்கள், குழம்புக்கும் பொரியலுக்கும் நல்லது.

நடவுக்கு ஒன்றரை அடி குழி, நன்றாக மக்கிய தொழுவுரம் பத்து கிலோ, வேப்பம்பிண்ணாக்கு கால் கிலோ. செடிக்குச் செடி இரண்டு மீட்டர். நாள் முழுக்க வெயில் வேண்டும். அரைநிழலில் செடி உயரும், காய் வராது. எந்த மண்ணிலும் வரும், தண்ணீர் தேங்கும் களி மட்டும் ஆகாது, வேர் அழுகும். வேர் பிடித்த பிறகு வறட்சியைத் தாங்கும், ஆனால் தண்ணீர் இல்லாத செடி பூக்கொத்தை உதிர்த்துவிடும். காய் வேண்டும் என்றால் கோடையில் வாரம் இரண்டு முறை நனையுங்கள். தழைச்சத்தை அள்ளிப் போட வேண்டாம். யூரியா போட்டால் இலையும் முள்ளும்தான் பெருகும். உறைபனி விழும் இடத்தில் நிற்காது.

விதையிலிருந்து ஐந்தாறு மாதத்தில் பூக்கத் தொடங்கும், பிறகு சில வருடம் நிற்கும். புதுக் கிளையில்தான் பூ என்பதால் வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, தழைவதில் நான்கு கிளையை மட்டும் விடுங்கள். கை எட்டும் உயரத்தில் காய் இருந்தால்தான் ஒன்றுவிடாமல் பறிக்க முடியும். உச்சியில் எட்டாமல் பழுக்கிற கொத்துதான் அடுத்த வருடத்துத் தொல்லை. வேர்க்கன்றைத் தடுக்க, செடியைச் சுற்றி ஆழமாகக் கொத்தாதீர்கள். காயம்பட்ட வேர்தான் கன்று விடும். களையைக் கையால் எடுத்து மூடாக்குப் போட்டால் போதும்.

பூச்சியில் முக்கியமானது மாவுப்பூச்சி. கொத்தின் காம்புக்கு இடையில் வெள்ளையாக அடையும், எறும்பு ஏறுவதுதான் முதல் அறிகுறி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். ஆமைவண்டு இலையைச் சல்லடையாக்கும். புழுவும் முட்டைக் குவியலும் இலையின் அடியில் இருக்கும், பறித்து நசுக்குங்கள்.

செம்மண்காடு

எல்லோருக்கும் நன்றி. காயில் வரி இல்லை, முள் வளைவாகத்தான் இருக்கிறது, ஆகவே சுண்டைதான். மண்ணை விலக்கிப் பார்த்ததில் உள்ளே வந்தவை பெரும்பாலும் வேர்க்கன்று. மேற்கு எல்லைக்கு அப்பால் ஓடை இருப்பதால் வேலியில் இருப்பது அத்தனையும் எடுத்துவிடுகிறேன், கிணற்றடியில் மட்டும் இரண்டு. கத்தரி ஒட்டு பற்றி யாராவது சொல்லுங்கள்.

ஆப்புஒட்டு

ஒட்டுக்கட்டும் முன் எந்த வாடல் என்று பாருங்கள். வாடிய கத்தரியின் அடித்தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெள்ளையாக நூல் போல இறங்கினால் பாக்டீரியா வாடல். நூல் இல்லாமல் தண்டுக்குள் பழுப்பு வளையம் மட்டும் இருந்தால் பூஞ்சை வாடல். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. இந்த மூன்றுக்கும் சுண்டை அடிச்செடி நல்ல எதிர்ப்பு காட்டும். காய்த்துளைப்பான், சிற்றிலை நோய், வெள்ளை ஈ, இவற்றுக்கு ஒட்டுச்செடியால் ஒரு பயனும் இல்லை. மேலே இருப்பது அதே கத்தரிதானே. இதைத் தெரியாமல் ஒட்டுச்செடி வாங்கிவிட்டுப் புழு விழுகிறது என்று வருந்துபவர்கள் நிறைய.

நாள் கணக்கை நம்பாதீர்கள், இலைக் கணக்கை வையுங்கள். சுண்டை நாற்றில் இரண்டு உண்மையான இலை வந்த பிறகு கத்தரி விதையைப் போடுங்கள். இரண்டின் தண்டும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிமனை எட்டும்போது ஒட்டலாம். முன்னரே போட்டால் கத்தரி தடித்துவிடும், சுண்டை ஒல்லியாக நிற்கும், வாய் பொருந்தாது.

முந்தைய மாலை இரண்டுக்கும் தண்ணீர் விடுங்கள். வேலை காலையிலோ மாலையிலோ நிழலில். புது பிளேடு, இருபது முப்பது செடிக்கு ஒருமுறை மாற்றி, இடையிடையே ஸ்பிரிட்டில் துடையுங்கள். சுண்டையை விதையிலைக்கு மேலே, மண்ணிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் நறுக்கி, நடுவே ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளக்கவும். கத்தரியின் தலையில் ஒன்றிரண்டு இளம் இலையை விட்டு, பெரிய இலைகளை நீக்கி, தண்டின் அடியை இரு பக்கமும் ஆப்பாகச் சீவவும். ஒரே இழுப்பில் சீவ வேண்டும், திரும்பத் திரும்பச் சுரண்டினால் திசு நசுங்கி ஒட்டாது. பிளவில் முழுக்க இறக்கி, சிலிக்கான் கிளிப் போடவும். தடிமன் வேறுபட்டால் ஒரு பக்கத் தோலையாவது தோலோடு பொருத்துங்கள்.

உடனே ஈரக் கூடாரத்துக்குள். பாலித்தீன் மூடி, மேலே கறுப்பு நிழல்வலை. ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் குறையாமல், வெப்பம் 25 முதல் 30 டிகிரிக்குள். முதல் இரண்டு நாள் ஏறக்குறைய இருட்டு. தண்ணீரைச் சுவரிலும் தரையிலும் தெளியுங்கள். ஒட்டு வாயில் தண்ணீர் தங்கினால் அழுகும். மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமும் காற்றும். ஒரு வாரம் பத்து நாளில் ஒட்டிவிடும், பிறகு நிழல்வலையில் ஒரு வாரம் பழக்கி நடவு. ஒட்டிய செடி செத்துப்போவது பெரும்பாலும் கூடாரத்தை ஒரே நாளில் திறந்துவிடுவதால்தான்.

வயலில் இரண்டு விஷயம். ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். மண் அணைக்கும்போது மூடிவிட்டால் கத்தரித் தண்டே வேர்விட்டு மண்ணில் இறங்கும், நோய் அந்த வழியாக ஏறிவிடும், ஒட்டுக்கட்டியது வீண். அடுத்தது, ஒட்டுக்குக் கீழே முள்ளோடு வரும் தழைவை வாரம் ஒருமுறை கிள்ளுங்கள். விட்டால் சுண்டை ஏறி, கத்தரித் தலை பட்டினி கிடந்து காயும். அறுவடை முடித்து அப்படியே போட்ட ஒட்டுக்கத்தரி வயல் சுண்டைப் புதராவது இதனால்தான். களைக்கொத்தி சொன்னபடி பயிர் முடிந்ததும் வேரோடு எடுத்துவிடுங்கள்.

ஃபுளோரிடாத் தோட்டம்

இந்த இழையைப் படித்ததும் ஆசை வந்துவிட்டது. இங்கே வீட்டுக்குப் பின்னால் நல்ல வெயில், மணல் மண். யாராவது நாட்டுச் சுண்டை விதை கொஞ்சம் தபாலில் அனுப்ப முடியுமா?

களைக்கொத்தி

தயவுசெய்து வேண்டாம். மேலே சொன்ன மத்தியப் பட்டியலில் இருப்பதால் விதையோ செடியோ அமெரிக்காவுக்குள் கொண்டுவரவும், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பவும் அமெரிக்க வேளாண் துறையின் அனுமதி வேண்டும். உறையில் வேறு பெயர் எழுதி அனுப்புவது இன்னும் மோசம். சட்டம் ஒருபுறம் இருக்க, ஃபுளோரிடாவின் வெப்பமும் மழையும் இதற்கு அப்படியே பொருந்தும். இலைநரம்பு சொன்ன சொலானம் வயாரம் அங்கே 1988-இல்தான் கண்ணில் பட்டது. மாடு பழத்தைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்ப, சில ஆண்டுகளுக்குள் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் 2003-இல் கிராட்டியானா பொலிவியானா என்ற இலைதின்னி வண்டைத் தென் அமெரிக்காவிலிருந்து வரவழைத்து விட வேண்டியிருந்தது. இன்னொரு முள் கத்தரியை நாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம். கசப்புக் குழம்புக்குப் பாகற்காய் வையுங்கள், வற்றலைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மோர்ப்பானை

பறிப்பதுதான் பரவாமல் காக்கும் வழி என்று நாற்றங்கால் சொன்னார். அதனால் பறிப்பு பற்றி.

காய் முழு அளவுக்கு வந்து, நறுக்கினால் விதை வெள்ளையாக இருக்க வேண்டும். அதுதான் பதம். விதை பழுப்பேறியிருந்தால் முற்றல், வற்றலில் கல்லு மாதிரி கடிபடும். ஒவ்வொரு காயாகப் பிய்க்காமல் கொத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கி, வீட்டில் உட்கார்ந்து உதிருங்கள். கைக்கும் முள் படாது, நேரமும் மிச்சம். விற்பனைக்கு நினைப்பவர்கள் இந்தக் கூலியைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இன்றைக்கும் பொருந்தும். பச்சையாக விற்பதைவிட வற்றலாக்கினால் கொஞ்சம் கட்டுப்படியாகும்.

ஒரு கிலோ காய்க்கு, புளித்த கெட்டி மோர் ஒரு லிட்டர், கல்லுப்பு 80 முதல் 100 கிராம். காயைக் கழுவித் துடைத்து, அம்மிக் குழவியால் ஒரு தட்டு, தோல் வெடித்தால் போதும். நசுக்கிவிட்டால் விதை கொட்டி வெறும் தோல்தான் மிஞ்சும். தட்டினதை வெளியே வைத்தால் கறுத்துப்போகும், உடனே உப்பு மோரில் போட வேண்டும். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் வடித்துப் பாயில் பரப்பி வெயிலில் காய வைத்து, மாலையில் அதே மோரில் திரும்பப் போடுங்கள். மோர் முழுக்க உறிஞ்சும் வரை இப்படியே, வழக்கமாக மூன்று நாள். பிறகு மோரில்லாமல் கலகலவென்று சத்தம் வரும் வரை காய வேண்டும்.

மூட்டம் போட்ட நாளில் தொடங்காதீர்கள். இரண்டாம் நாள் வெயில் இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். நடுவில் மழை வந்துவிட்டால் மோரிலேயே குளிர்பெட்டியில் வைத்திருந்து வெயில் வந்ததும் தொடருங்கள். ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து வற்றல் தளர்ந்துவிடும்.

கழித்த பழுத்த காயை உரக்குழியில் மட்டும் போட வேண்டாம். வீட்டு உரக்குழியின் சூட்டில் விதை சாகும் என்று நம்ப முடியாது, அந்த உரம் போகிற பாத்தியெல்லாம் சுண்டை முளைக்கும். கொதிநீரில் வேகவைத்துக் கொட்டுங்கள், அல்லது அடுப்பில் போடுங்கள்.